ஆடியில் வந்த பூநாரை

வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் "துன்னியா?" என்று, சாப்பிட்டாயிற்றா என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்கும் எங்கள் அம்மா, எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், ஏரிக்கரைச் சனங்களுக்கும், வரமுடியாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறுபவர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

அட்டையிலுள்ள படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. அம்மாவின் பிற்காலப் படங்கள் எல்லாமே அப்படித்தான். யாராவது செல்போனைத் தூக்கினால் போதும், "மூஞ்ச மட்டும் புடி" என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் காலைப் பற்றி நான் இந்த மலரில் எழுதலாமா என்று நானும் தம்பியும் எங்கள் அப்பாவான நைனாவும் பலமுறை பேசினோம். கடைசியில் நைனாதான், "எழுது. எதுக்கு எழுதுறன்னும் சேத்து எழுது" என்றார். அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்பதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது தோணிரேவில். கடலோடு சேரும் உப்பேரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். இந்தத் தொழிலைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. முழங்காலளவு தண்ணீரில் முட்டி போட்டு, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே தவழ்ந்து போக வேண்டும். பனையோலையில் முடைந்த பறி என்னும் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கையில் அகப்படும் இறாலைத் தலையைத் தூக்காமலே பறிக்குள் போடுவார்கள். பறி வாயிலிருக்கும் வரை யாரும் பேச முடியாது. "பொம்பளைங்க இவ்ளோ பேரு ஒண்ணா சேந்து, வாயத் தொறக்காத ஒரே எடம் ஏரிதான்" என்று நைனா கேலி செய்வார். பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் படகில் போகும்போதும் திரும்பும்போதும் மட்டும்தான்.

நைனாவைக் கட்டிக்கொண்டு அம்மா எங்கள் குப்பத்துக்கு வந்தபோது, நைனாவின் தங்கையான சரோஜா அத்தைதான் தடவப் போகும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. எங்கே இறங்குவது, எப்போது கரையேறுவது என்று அவர் சொல்வதுதான் சட்டம். வந்த புதிதில் அண்ணிக்கும் நாத்திக்கும் ஆகாது. அம்மாவின் கை வேகம் அத்தைக்குப் பிடிக்கவில்லை, அத்தையின் அதிகாரம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரே படகில்தான் போனார்கள், ஒரே வரிசையில்தான் தவழ்ந்தார்கள். நானும் தம்பியும் வளர்ந்ததும் படித்ததும் அந்தப் பறியில் விழுந்த இறாலில்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது, தண்ணீரிலிருந்து எழுந்து படகை நோக்கி நடந்த அம்மாவின் வலது காலில் திருக்கை முள் ஏறியது. திருக்கை குத்துவது எங்கள் ஊரில் புதிதில்லை. சுடுதண்ணீரில் காலை வைத்து, பச்சிலை வைத்துக் கட்டினால் சில நாளில் சரியாகிவிடும். அம்மாவுக்குச் சரியாகவில்லை. உடம்பில் சர்க்கரை இருந்தது அவருக்கே தெரியாது. பாதம் கறுத்து, பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, காலை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"முட்டிக்கு மேலயா, கீழயா?"

கீழே என்றார் டாக்டர்.

"அப்டின்னா எடுங்க. எறா தடவ முட்டி போதும்."

அன்று அவ்வளவு தைரியமாகப் பேசியவர் பிறகு எப்படி அப்படி மாறினார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு சனம் திரண்டு பார்க்க வந்தது. ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கி வந்தார்கள். ஒரு உறவுக்காரப் பெண்மணி, அன்பாகத்தான், போர்வையை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அய்ய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா போர்வையைப் பிடுங்கி இழுத்துக்கொண்டார். அன்றோடு சரி. பிறகு ஆஸ்பத்திரிக்கு வெளியே என்னையும் நைனாவையும் தவிர வேறு யாரும் அந்த மிச்சக் காலைப் பார்க்க அவர் விட்டதில்லை, பெற்ற மகனான தம்பியைக்கூட.

புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்துச் செயற்கைக்கால் செய்துகொடுத்தார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நடக்கப் பழக்கினார்கள். அங்கே கால் பொருத்துகிற இளைஞர் நல்ல பிள்ளை. "எம்மா, இது செருப்பு மாதிரி இல்ல, மருமக மாதிரி. மொதல்ல கடிக்கும், நீங்கதான் அனுசரிக்கணும்" என்பார். "எங்க ஊருல மாமியாதான் கடிப்பா" என்று அம்மா பதில் சொல்ல, கூடமே சிரித்தது. ஆனால் பாதத்தின் நிறம் அம்மாவுக்குச் சோதனையாகிவிட்டது. அம்மா கறுப்பு. அந்தப் பாதம் வெளுத்த சந்தன நிறம். வீட்டுக்குள் எங்களிடம், "ஒரு காலு மீன்காரி, ஒரு காலு மெட்ராஸ்காரி" என்று தானே கேலி செய்துகொள்வார். வாசலைத் தாண்டினால் புடவை தரையைக் கூட்டும்.

வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பாதத்துக்கும் மஞ்சள் பூசுவார். மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. திட்டுத் திட்டாக நிற்கும், ஆனாலும் பூசுவார். செய்து வைத்த விரல்களில் மெட்டி நுழையவில்லை, அதனால் அந்தக் கால் மெட்டியையும் சேர்த்து இடது காலிலேயே போட்டுக்கொண்டார். இல்லாத காலின் சுண்டுவிரல் அரிக்கிறது என்று படுக்கையில் துடிப்பார். நைனா ஒன்றும் சொல்லாமல் பாயில் அந்த இடத்தை விரலால் சொறிந்து கொடுப்பார். சிலசமயம் அதிலேயே அரிப்பு நின்றுவிடும். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

காலை மாட்டுவதற்கென்று ஒரு துணியுறை உண்டு. மிச்சக் கால் நாளாக ஆக இளைக்கும், அதற்கும் அது நுழைகிற செயற்கைக்காலின் கூட்டுக்கும் இடைவெளி விழும். அப்போது ஒரு உறைக்கு மேல் இன்னொன்று போட வேண்டும். சாயங்காலம் வீங்கினால் ஒன்றைக் கழற்ற வேண்டும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் உறை வியர்வையில் ஊறிக் கொப்புளம் கிளம்பும். அந்த உறைகளை அம்மா கொடியில் காயப்போட்டதே இல்லை. உள்ளறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் காயும், காயாமல் வீச்சமும் அடிக்கும். கதவு தட்டப்பட்டால், காலை மாட்டி, வாரை இறுக்கி, புடவையை இழுத்துவிட்ட பிறகுதான், "ஆரு?" என்று குரல் கொடுப்பார். அதுவரை வீட்டில் ஆளே இல்லாதது போல இருக்கும்.

இப்படிப்பட்டவர் எப்படி மறுபடி ஏரிக்குப் போனார் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டும். நைனா வேண்டாம் என்றார். "முட்டி இருக்குதே" என்றார் அம்மா. சிப்பி கிழிக்காமலிருக்க, லாரி டியூபை வெட்டி, வலைநூலால் தைத்து, முட்டிக்கும் மிச்சக் காலுக்கும் சேர்த்து ஒரு ரப்பர் உறை நைனாவே செய்துகொடுத்தார். செயற்கைக்கால் உப்புத்தண்ணீரில் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதல் நாள், மற்றவர்கள் முன்னால் கழற்ற மனம் வராமல், அம்மா காலோடேயே இறங்கிவிட்டார்.

அன்று நடந்ததை அம்மா வெகுகாலம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். சேறு பாதத்தைக் கவ்விக்கொண்டது. முன்னால் நகர்ந்தபோது, கால் உருவிக்கொண்டு சேற்றிலேயே நின்றுவிட்டது. அம்மா அங்கேயே இடுப்பு மறையத் தண்ணீரில் அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டார். வரிசை முன்னேறியது, அவர் நகரவில்லை. கரையேறும் நேரம் வந்து எல்லாரும் படகில் ஏறிக் காத்திருந்தார்கள். அம்மா, "நீங்க போங்க, நா அப்பால வர்றேன்" என்றார். நடு ஏரியில் எப்படித் தனியாக வருவார்? அப்போது சரோஜா அத்தை படகில் எழுந்து நின்று, முகத்துவாரத்தின் பக்கம் கையை நீட்டி, "ஏ, பூநாரை வந்துச்சு, பாருங்கடி!" என்று கூவினார்.

அது மார்கழி. பூநாரைகள் உண்மையாகவே வந்திருந்த காலம். ஆனால் ஏரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூநாரை ஒரு அதிசயமா? இருந்தாலும் அத்தனை பெண்களும் அந்தப் பக்கம் திரும்பி, முன்னே பின்னே பார்த்திராதவர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் அம்மா சேற்றில் கைவிட்டுக் காலைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு படகோரம் வந்துவிட்டார்.

மறுநாள் அம்மா ஒரு உரச்சாக்கைக் கொண்டுபோனார். இறங்கும் இடம் வந்ததும் அத்தை, "பூநாரை பாருங்கடி" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். அம்மா காலைக் கழற்றிச் சாக்கில் வைத்துப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். இறங்கிவிட்டால் எல்லாரும் முட்டி போட்டவர்கள்தானே. அங்கே யாருக்குக் கால் உண்டு, யாருக்கு இல்லை என்று எவர் பார்ப்பது? திரும்பும்போதும் அதே குரல். ஒருத்தி கேட்டதில்லை, ஒருத்தி சிரித்ததில்லை. அது பெண்கள் படகு என்பதால் நைனாவுக்குக்கூடத் தெரியாது.

எனக்கும் தெரியாது. சில வருடம் கழித்து என்னை எளாவூரில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமான முதல் வருடம் ஆடிக்கு அழைத்திருந்தார்கள். வந்த மறுநாள், அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, பெருமையாகப் புதுப்புடவை கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். அன்று காற்று பலமாக இருந்ததால் கரையோரத்திலேயே தடவப் போகிறார்கள் என்று சொன்னார்கள். படகு கரைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது. நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அத்தை ஏதோ கூவினார். காற்றில் என்னவென்று எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. நான் கண்டதெல்லாம் இதுதான்: என் அம்மா இறங்குவதற்குத் தயாரானதும், படகிலிருந்த அத்தனை பெண்களும் ஒன்றாக முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் தொழிலுக்குப் போகும்போது சகுனம் பார்ப்பார்கள். வெறுங்குடம், ஒற்றைத் தும்மல், இன்னும் சொல்லத் தகாத சிலதும் உண்டு. எனக்குப் புத்தி அங்கேதான் போயிற்று. தண்ணீரில் இறங்கும் நேரத்தில் கால் போனவளைப் பார்த்தால் அன்றைக்கு இறால் படாது என்றுதான் திரும்பிக்கொள்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அத்தைக்கும் அம்மாவுக்கும் இருந்த பழைய புகைச்சலும் நினைவுக்கு வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கத்தினேன்.

"இன்னா அத்த, நொண்டிய பாத்தா ஒங்களுக்கு எறா படாதா? ஒரு காலு இல்லன்னா அவ மனுசி இல்லயா? எல்லாரும் திரும்பிக்கினு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. அம்மாவின் மடியில் சாக்கு பாதி திறந்து கிடந்தது, அதிலிருந்து அந்தச் சந்தன நிறப் பாதம் வெளியே தெரிந்தது. அம்மா அதை மூடக்கூட இல்லை. என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர், வருடக்கணக்காகத் தன் வாயைத் தானே மூடி வைத்திருந்தது. நொண்டி என்ற சொல்லை அந்தக் கரையில் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவள் பெற்ற மகள்.

அம்மா அன்று தடவவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் இன்னும் கோபம் தணியாமல் அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இது இன்னா மாசம்?"

"ஆடி. அதான என்ன அழைச்சிக்கினு வந்தீங்க."

"ஆடியில ஏதுடி பூநாரை?"

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் அம்மா அந்த மார்கழி நாளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். பூநாரைகள் கோடை வெயில் ஏறியதும் ஏரியை விட்டுப் போய்விடும். ஆனால் அத்தை சித்திரையிலும் கூவினார், ஆடியிலும் கூவினார். வெறும் வானத்தையும் காலித் தண்ணீரையும் அத்தனை பெண்களும் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "இப்பவே போயி அத்த கால்ல வுழுறேன்மா" என்று எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"போவாத. நீ போயி மன்னாப்பு கேட்டா, அவங்க எதுக்குத் திரும்புறாங்கன்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும். அப்பறம் அவங்க எந்த மூஞ்சியோட பூநாரைன்னு கூவுவாங்க? நா எப்டி எறங்குவேன்? நானே இன்னிவரைக்கும் அவளுக்கு ஒரு வார்த்த நன்றின்னு சொன்னதில்லடி. சொல்ல முடியாது. நீயும் சொல்லாத."

அதன்பின் அம்மா ஏரிக்குப் போகவில்லை. காலை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். தொழில் போயிற்றே என்பதைவிட, தண்ணீரில் எல்லாரையும் போல இருந்த அந்த நேரமும் போயிற்றே என்றுதான் நான் நொந்தேன். அதைக் கெடுத்தவள் நான். ஆடி முடிந்து நான் எளாவூருக்குக் கிளம்பும் காலையில், சரோஜா அத்தை வாசலில் வந்து நின்றார். கையில் பறி. என்னைப் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை.

"அண்ணி, எறா கெடக்குது. வர்றியா, இன்னா?"

உள்ளே வார் இறுகும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், "துன்னியா சரோஜா?"

இருவரும் சேர்ந்து போனார்கள். நான் கரைப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே நின்றேன். அன்று காற்றில்லை. தண்ணீரின் மேலாக அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு உடம்பு இடம் கொடுத்தவரை அம்மா ஏரிக்குப் போனார். தம்பிக்குக் கல்யாணம் செய்தார். பேரப்பிள்ளைகளைத் தொட்டிலாட்டினார், இந்தக் காலால் தொட்டிலை உந்தி ஆட்டுவது சுலபம், வலிக்காது என்பார். சென்ற வருடம் சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்தது. மிச்சக் கால் வீங்கி, செயற்கைக்கால் நுழையவேயில்லை. பார்க்க வருகிறவர்களுக்காக, அந்தக் காலைப் போர்வைக்குள் தன் கால் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கச் சொன்னார். வைத்தோம். போர்வைக்கு மேலே இரண்டு பாதமும் எழும்பித் தெரிந்தன. அப்படியே, ஆடி மாதத்தில், நைனாவின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

குளிப்பாட்டுவதற்குப் புடவைகளைச் சுற்றிப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே அத்தையும், படகில் உடன் போன பெண்களும், நானும். போர்வையை எடுத்தாக வேண்டும். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தியும் கை நீட்டவில்லை. இத்தனை வருடம் மறைத்த உடம்பை இத்தனை பேர் முன்னால் நானா திறப்பது, ஒருமுறை செய்தது போதாதா என்று குன்றிப்போய் நின்றேன்.

அப்போது அத்தை பாதிக் குரலில் சொன்னார்.

"பூநாரை வந்துச்சு, பாருங்கடி."

ஒவ்வொருத்தியாக ஏரிப் பக்கம் திரும்பினார்கள். மறைப்புப் புடவைதான் அங்கே இருந்தது. அதைப் பார்த்தபடி, அழுதுகொண்டு நின்றார்கள். கடைசியாக அத்தையும் திரும்பிக்கொண்டார். நான் ஒருத்திதான் அம்மாவைக் குளிப்பாட்டினேன். தண்ணீர் மொண்டு ஊற்ற, முகத்தைத் திருப்பியபடியே சொம்பைப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பாதத்துக்கும் மஞ்சள் பூசி, கால்களைச் சேர்த்துக் கட்டி, புடவையை இழுத்துவிட்டேன். "அத்த, ஆச்சு" என்றேன். அதன்பின்தான் திரும்பினார்கள். அம்மாவை இரண்டு காலோடுதான் அடக்கம் செய்தோம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். கறுத்த காலைப் பார்த்து முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய செவிலியர்களுக்கும், மருமகளைப் போல ஒரு காலைச் செய்துகொடுத்துச் சிரிக்க வைத்த அந்த இளைஞருக்கும், பொன்னேரி பஸ்ஸில் அம்மா ஏறி உட்காரும் வரை விசில் கொடுக்காமலிருந்த கண்டக்டர்களுக்கும், கடைசி நாட்களில் ராவும் பகலும் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், பாயைச் சொறிந்து கொடுத்த எங்கள் நைனாவுக்கும் நன்றி.

காலைப் பற்றி ஏன் எழுதினேன் என்று சொல்வதாகத் தொடக்கத்தில் சொன்னேன். படகில் அம்மாவோடு போன பெண்களே, உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது என்று அத்தை சொன்னார். உங்கள் பிள்ளைகள் இதைப் படித்துக் காட்டட்டும். நான் அன்று கத்திய சொல்லுக்கு இன்னும் தலைகுனிந்துதான் இருக்கிறேன், அதற்காக உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இனி வருவது என்னுடைய சொல் இல்லை. உயிரோடிருக்கும் வரை சொல்ல வழியில்லாமல் அம்மா மனதிலேயே வைத்திருந்தது. அவர் இப்போது தண்ணீரில் இறங்கப் போவதில்லை, அதனால் சொல்லிவிடலாம்.

ஆடியில் பூநாரை வராது என்று அம்மாவுக்குத் தெரியும்.